நீர் நிற்கும் நேரம்

சிப்பித்துறையில் கமாண்டர் தனிஸ்லாஸ் மிராந்தாவின் வீடு கடல் ஏறுகிறபோது வடக்கே பார்த்து நிற்கும், கடல் வற்றுகிறபோது தெற்கே பார்த்து நிற்கும் என்பதை அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள்கூட முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டுவிடுவார்கள்; பால்காரர் எப்போது வருவார், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்கிற மாதிரிதான் அதுவும், அதற்குமேல் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஊர் நினைத்தது.

அந்த வீட்டின் அடுப்படியில் நின்றவள் கமாண்டரின் மனைவி ஜெசிந்தா. ஊர் பழகிக்கொண்ட அளவு சீக்கிரம் அவளால் பழக முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் இருபத்தாறு வருஷம் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் செபமாலை உருட்டியவள்: தன் புருஷன் ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும், அந்த இடம் தன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கல்யாணம் ஆகி பதினேழாம் நாள் அவர் கொச்சிக்கு ரயிலேறினார். அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு, மீதிப் பத்து மாதம் நீலக் காகிதக் கடிதம் என்று வாழ்க்கை நடந்தது. மூன்று பிள்ளைகளும் அவர் கடலில் இருக்கிறபோதுதான் பிறந்தார்கள். மூன்று தந்திகளும் மூன்று துறைமுகங்களில் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, அவர் வந்து பிரிக்கட்டும் என்று காத்துக் கிடந்தன. லீவில் வந்தால் முதல் வாரம் முழுக்க வீட்டுக்குள்ளே காலை அகட்டி வைத்துத்தான் நடப்பார், தூங்கும்போது கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். அந்தக் கை பிடியை விட்டுத் தளர்ந்து அவள் பக்கம் வருகிற சமயம் லீவு முடிந்திருக்கும். வெள்ளைச் சீருடையை நீலம் போட்டு அலசிக் காயவைக்கிறபோது, கொடியில் அது காற்றுக்கு உப்பி நிற்பதைப் பார்த்து, சட்டையாவது ஒரு மணி நேரம் என்னோடு நிற்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

அவர் ஓய்வு பெற்ற வருஷமே அவருடைய கப்பலுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். விசாகப்பட்டினத்தில் அதை உடைக்கக் கொடுக்கும் முன் ஆளுக்கொரு ஞாபகப் பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது, ஒருவர் கடிகாரத்தைக் கேட்டார், ஒருவர் மணியைக் கேட்டார், இவர் மட்டும் கப்பலின் படகில் இருந்த சின்ன நங்கூரத்தையும் அதன் சங்கிலியையும் கேட்டு வாங்கி லாரியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. நங்கூரம் வாங்கிக்கொண்டு வருகிறவர் இனிமேல் புறப்படமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது, அன்றைக்கு மாதா கோயிலில் இரண்டு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றினாள்.

கடலோரத்தில் அவர்களுக்கு இருந்த மணல்மனை இரண்டு ஊருக்கு நடுவில் இருந்தது. வடக்கே வடக்கூர், வள்ளமும் கட்டுமரமும் வைத்துப் பிழைக்கிறவர்கள். தெற்கே தெக்கூர், லாஞ்சு என்கிற இயந்திரப் படகு வைத்திருக்கிறவர்கள். லாஞ்சு இழுக்கிற வலையில் வள்ளக்காரன் போட்ட வலை மாட்டிக் கிழியும். கிழிந்தால் கடலில் சண்டை, கரையில் சண்டை, கோயில் வாசலில் சண்டை. அப்பேர்ப்பட்ட நடு இடத்தில் கமாண்டர் வீடு கட்டி, முன்னால் மணலில் நங்கூரத்தைப் புதைத்து, சங்கிலியின் மறுமுனையை வாசல்படி வளையத்தில் மாட்டினார். மேஸ்திரி, சங்கிலியை இழுத்துக் கட்டிவிட்டால் பார்வையாக இருக்கும் என்று சொன்னார். சங்கிலி எப்போதும் தாராளமாகக் கிடக்க வேண்டும், இழுத்துக் கட்டிய நங்கூரம் நங்கூரமே இல்லை என்று கமாண்டர் சொல்லிவிட்டார்.

வீடு மந்திரிக்கிற அன்று மாதா கோயில் பங்குச்சாமி காலையில் வந்து வடக்கே பார்த்த வாசலில் தீர்த்தம் தெளித்துவிட்டு, உள்ளே சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்து வெளியே வந்தபோது வாசல் தெற்கே பார்த்து இருந்தது. அவர் செருப்பைத் தேடினார். செருப்பு நங்கூரத்துக்கு அந்தப் பக்கம், காலையில் வாசல் இருந்த இடத்தில் கிடந்தது. சாமி நடந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பி ஒரு தடவை வீட்டைப் பார்த்து, இந்தப் பக்கத்துக்கும் தெளிக்க வேண்டியதுதானே என்று மறுபடி தீர்த்தச் செம்பை வாங்கினார். அவ்வளவுதான் நடந்தது.

மணலில் அரைவட்டமாக வழவழவென்று ஒரு தடம் விழுந்தது. மின்சார வாரியத்து லைன்மேன் வந்து பார்த்து, கம்பியைத் தாராளமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டார். தபால்காரர் சைக்கிளில் வருகிறபோதே அலையைப் பார்த்துவிட்டு எந்தப் பாதையில் திரும்புவது என்று முடிவு செய்தார். கடல் தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளித்தான் ஏறும் என்பதால் டீக்கடை எபநேசர் கடை முகப்பில் ஒரு கரும்பலகை மாட்டி, 'இன்று வடக்கு காலை 6.10, தெற்கு பகல் 12.20' என்று எழுதிவைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதுவே கணக்குப் பாடமாயிற்று. ஜெசிந்தாவுக்கு மட்டும் காலையில் வெயில் அடித்த சன்னலில் காயப்போட்ட கருவாடு மத்தியானம் நிழலுக்குப் போய்விடும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துச் சிணுங்கினால் வீடு புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். தொட்டிலை யாரோ லேசாக ஆட்டிவிட்ட மாதிரி இருக்கும், அடுப்பில் இருக்கிற குழம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கொதிக்கும்.

நிற்கிறது என்று நினைத்துக் குடிவந்தால் இதுவும் கப்பல்தானா என்று அவள் மாதாவிடம் முறையிட்டாள்.

ஊருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. ஆறு மணி நேரம் அந்த வாசல் தங்களைப் பார்த்துத் திறந்திருப்பதை வடக்கூர்க்காரர்கள் கண்டார்கள்; அடுத்த ஆறு மணி நேரம் தெக்கூர்க்காரர்கள் கண்டார்கள். வாசல் நம்மைப் பார்த்து நிற்கிறபோது போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோமே என்று இரண்டு ஊரும் வர ஆரம்பித்தன. கமாண்டர் கேட்டார். கேட்பதற்கு அவருக்குப் பழக்கம் இருந்தது, கப்பலில் இன்ஜின் எங்கே முனகுகிறது என்று காதை வைத்துக் கேட்ட மனுஷர். ஏற்றத்தில் வடக்கூர் சொன்னதை வற்றத்தில் தெக்கூரிடமும், வற்றத்தில் தெக்கூர் சொன்னதை ஏற்றத்தில் வடக்கூரிடமும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஒரு பௌர்ணமி முடிவதற்குள் லாஞ்சுகள் கரையிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால்தான் வலை இழுக்கும் என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டது. அதற்கு முன்னால் கலெக்டர் மூன்று பேர் வந்து பேசியும் நடக்காத காரியம் அது.

அந்த வருஷமே சட்டசபைத் தேர்தல் வந்தது. கட்சியின் ஒன்றியச் செயலாளர் தங்கமாரியப்பன், வெள்ளைச் சட்டையில் மூன்று பேனா குத்தியிருப்பவர், நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று மாலையோடு வந்துவிட்டார். எதிர்த்து நின்றவர், இவர் வீட்டுக்குத் திசையே கிடையாது, இவர் எப்படி இந்தத் தொகுதியின் வாக்காளர் என்று ஆட்சேபனை கொடுத்தார். அதிகாரி டேப் வைத்து அளந்தார், மத்தியானம் திரும்பவும் அளந்தார், இரண்டும் ஒரே மனைக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேட்புமனுவில் வீட்டை அசையாச் சொத்தில் போடுவதா அசையும் சொத்தில் போடுவதா என்று வக்கீல் குழம்பியபோது, கமாண்டர் இரண்டிலும் எழுதச் சொன்னார், கப்பற்படையில் பொய் எழுதிப் பழக்கமில்லை என்றார். இரண்டு ஊரும் ஓட்டுப் போட்டது. ஜெயித்தார்.

ஜெசிந்தா ஊர்வலத்துக்கு ஆரத்தி எடுத்தாள், சிரித்த முகமாகத்தான் நின்றாள். கடல் விட்டுக்கொடுத்த மனுஷரைக் கரை எடுத்துக்கொண்டது என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஆனாலும் அவளுக்கென்று ஒன்று மிச்சம் இருந்தது, அதை அவள் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு முன், வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்குவதற்கு முன், கடல் எந்தப் பக்கமும் போகாமல் சும்மா நிற்கும். நீர் நிற்கிற நேரம். இருபது நிமிஷம் இருக்கும். அப்போது வீடு வடக்கும் பார்க்காது, தெற்கும் பார்க்காது. அரைவட்டத்தின் நடுவில் வந்து, வாசலைக் கடலுக்கு நேரே வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இரண்டு ஊருக்கும் வாசல் தெரியாத நேரம். வந்தவர்கள் எல்லாம், ஐயா வீடு கடலைப் பார்த்துருச்சு, வாங்க போவோம் என்று எழுந்து போய்விடுவார்கள். தங்கமாரியப்பன்கூட ஃபைலை மூடிக்கொண்டு எபநேசர் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்த இருபது நிமிஷத்தில் கமாண்டர் முதலில் ஒரு காரியம் செய்வார். இடது சன்னலில் மாதா கோயில் சிலுவை எங்கே தெரிகிறது, வலது சன்னலில் கலங்கரை விளக்கம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பார். சிலுவை சன்னல் சட்டத்தின் மூன்றாவது கம்பியில் இருக்க வேண்டும், கலங்கரை விளக்கம் ஐஸ் பாக்டரி தண்ணீர்த் தொட்டிக்கு நேர்மேலே இருக்க வேண்டும். இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால் நங்கூரம் இழுபடவில்லை என்று அர்த்தம். கப்பலில் அப்படித்தான் பார்ப்பார்களாம். பார்த்துவிட்டு நீளமான ஒரு நோட்டில் நேரம் போட்டு, 'நங்கூரம் நகரவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். அப்புறம் ஜெசிந்தா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைப்பாள். கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் பேச ஒன்றும் இல்லாமல் இருந்தது. பிறகு ஒருநாள் அவர், கல்யாணம் ஆகிப் பதினேழாம் நாள் ரயிலேறிப் போய்க் கொச்சியில் இறங்கியபோது பெய்த மழையைச் சொன்னார். மறுநாள் அதற்கடுத்த துறைமுகத்தைச் சொன்னார். ஒரு நீர் நிற்கிற நேரத்துக்கு ஒரு துறைமுகம் என்று அது வழக்கமாயிற்று. போர்ட் பிளேர், கொழும்பு, மொம்பாசா. அங்கே என்ன வாசம் அடித்தது, யார் கூட இருந்தார், அவள் கடிதம் எத்தனை நாள் பிந்தி வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்கு வராத வருஷங்கள் ஒவ்வொன்றும் படகாக வந்து வாசலில் கட்டி நிற்கிற மாதிரி இருக்கும். சொல்லி முடித்ததும் அவர் ஒரு தடவைகூட விடாமல் கேட்பார்.

"அப்ப நீ இங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"நான் என்ன பண்ண, வீட்டுலதான் இருந்தேன்" என்பாள். டம்ளர் சிணுங்கும். நீர் புறப்பட்டுவிடும்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. இரண்டாம் தடவையும் ஜெயித்தார். இரண்டு வாசல் கூட்டமும் பெருகியது; இருபது நிமிஷம் போதவில்லை என்ற ஏக்கம் ஜெசிந்தாவுக்கு வந்தது. மூட்டுவலியும் வந்திருந்தது, ஆடுகிற வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பதே சிரமமாக இருந்தது. மாதா கோயிலில் ஒன்பது நாள் நவநாள் சொல்லி, இந்த வீடு ஒரே பக்கமாக நிற்கட்டும் தாயே, அவரும் அதோடு என் பக்கத்தில் நிற்கட்டும் என்று கேட்டாள்.

பத்தாம் நாள் தங்கமாரியப்பன் வந்தார். கட்சித் தலைவர் சிப்பித்துறைக்கு வருகிறார், மேடை இந்த வீட்டு முன்னால்தான் என்று சொன்னார். தெக்கூர் பெரிய ரோட்டைப் பார்த்து மேடை போட வேண்டும். ஆனால் தலைவர் வருகிற பதினொரு மணிக்கு அன்று கடல் ஏறத் தொடங்கிவிடும்.

"தலைவர் பேசிக்கிட்டு இருக்கும்போது வீடு அவருக்கு முதுகைக் காட்டுனா நல்லாவா இருக்கும் ஐயா?" என்று கேட்டார்.

ஒருநாள் கயிறு போட்டுக் கட்டலாம் என்றார் கமாண்டர். கயிறு அறுந்தால் பத்திரிகைக்காரன் படம் எடுத்துப் போட்டுவிடுவான், நங்கூரத்தைச் சுற்றிக் கான்கிரீட் கொட்டிச் சங்கிலியை அதற்குள் இறுக்கிவிடலாம் என்றார் தங்கமாரியப்பன். கமாண்டர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்பது நாள் கேட்டது பத்தாம் நாள் வாசலில் வந்து நிற்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

"நிக்கட்டுமே" என்றாள்.

கான்கிரீட் போட்ட ஆட்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள்.

தலைவர் வந்தார், பேசினார், போனார். வீடு தெற்கே பார்த்தபடி நின்றது. டம்ளர்கள் சத்தம் இல்லாமல் இருந்தன. குழம்பு நேராகக் கொதித்தது. ஜெசிந்தா முதல் வாரம் முழுக்கத் தரையில் காலை வைத்து வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். இரண்டாம் வாரம், பகல் இரண்டு மணிக்கு நீர் நிற்கிற நேரம் என்று காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது கூடத்தில் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் எந்நேரமும் தெக்கூரைப் பார்த்தே இருந்தால் அவர்கள் எந்நேரமும் வருவார்கள்தானே. நாலு மணிக்கும் இருந்தார்கள். மறுநாள் எட்டரைக்கும் இருந்தார்கள். கடல் வெளியே வழக்கம்போல நின்று புறப்பட்டு நின்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே யாருக்கும் அது தெரியவில்லை. அவர் நோட்டில் எழுதுவதையும் நிறுத்தினார். நகர முடியாத நங்கூரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றார். துறைமுகக் கதை ஏடன் வரைக்கும் வந்து, அங்கே அவருக்கு இரண்டாவது தந்தி காத்திருந்த இடத்தில் பாதியில் நின்றுபோயிற்று.

வடக்கூர்க்காரர்கள் பழக்கத்தில் சில நாள் ஏற்ற நேரத்துக்கு வந்து பார்த்தார்கள். அவர்கள் பக்கம் இருந்தது அடுப்படிச் சாக்கடையும் சுவரும்தான். சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள், போய்விட்டார்கள். பிறகு வரவில்லை. லாஞ்சுகளின் ஐந்து மைல் நாலாயிற்று, நாலு மூன்றாயிற்று. அதற்காகக் கமாண்டர் ஒன்றிலும் கையெழுத்துப் போடவில்லை. தினமும் ஒரே பக்கத்து நியாயம் காதில் விழ விழ, ஆமாம் என்கிற மாதிரி தலை அசைந்திருக்கிறது, அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

இப்படிப் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் வடக்கூர் கித்தேரியம்மாளும் வரவில்லை. அவள் தினம் மீன் கொண்டுவருகிறவள், முப்பது வருஷப் பழக்கம். ஜெசிந்தாவின் முதல் பிரசவத்துக்கு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள். ஒருநாள் ஜெசிந்தாவே அவளைத் தேடிக் கரைக்குப் போனாள். கித்தேரியம்மாள் மணலில் உட்கார்ந்து மடியில் வலையைப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

"என்னளா, வீட்டுப் பக்கமே காணோம்?"

"வந்தேன்க்கா. நாலு நாள் வந்தேன். சுவத்துக்கிட்ட மீன் விக்கிறதுக்கு எனக்குத் தெரியல."

கித்தேரியம்மாள் மடியிலிருந்த வலையை விரித்துக் காட்டினாள். ஒரு ஆள் நுழைந்து போகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

"மூணு மைலு" என்றாள். "எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போயி எட்டு நாளாச்சு. நீங்க நல்லா இருங்கக்கா. உங்க வீடு இப்ப ஆடுறதில்லையாமே."

ஜெசிந்தா திரும்பி நடந்து வந்தாள். கூடத்தில் கமாண்டர் நாற்காலியில் உட்கார்ந்து மனுக்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், சுற்றிலும் ஆட்கள். அவள் அவருடைய காலைப் பார்த்தாள். ஆயுசு முழுக்க அகட்டி வைத்தே நின்ற இரண்டு கால்களும் ஆபீஸ் குமாஸ்தாவின் கால்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. இத்தனை பேர் முன்னால் அவள் ஒருநாளும் அவரோடு பேசியதில்லை. அன்று போய் முன்னால் நின்றாள்.

"என்னங்க, நங்கூரம் போட்ட கப்பல் எப்படி நிக்கும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீர் போற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி நிக்கும்."

"திரும்பாமலே நின்னா?"

அவர் பேனாவை மூடினார். கடல் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் வீட்டின் சுவர்தான் இருந்தது.

"தரை தட்டிருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"நவநாள் சொல்லி இதைக் கேட்டது நான்தான். தப்பாக் கேட்டுட்டேன்" என்றாள் ஜெசிந்தா. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கமாண்டர் எழுந்து பின்னால் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். தங்கமாரியப்பன் கும்பிட்டார், காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், ஓட்டு எண்ணி முடிக்கிறவரைக்கும் பொறுங்கள், தெக்கூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், மேலிடத்தில் டிக்கெட்டை மாற்றிவிடுவார்கள் என்றார்.

"மாரியப்பன்" என்றார் கமாண்டர், "தரை தட்டுனா கேப்டன் முதல்ல அதை ஒத்துக்கணும். புத்தகத்துல எழுதணும். மத்ததெல்லாம் அப்புறம்தான்."

உள்ளே போய்த் தூசு தட்டி அந்த நீள நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'தரை தட்டியது, பதினோரு மாதம், பொறுப்பு நான்' என்று எழுதினார். ஜெசிந்தா பக்கத்தில் நின்று, என் பேரையும் எழுதுங்க என்றாள். அவர் அவளைப் பார்த்தார். 'நான்' என்பதைக் கப்பற்படை வழக்கப்படி ஒரே கோடாக அடித்து, 'இருவரும்' என்று மேலே எழுதி இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டார்.

கான்கிரீட் மூன்று நாள் தாங்கியது. முதல் நாள் அவர் தனியாக உடைத்தார், அறுபத்தொரு வயது, மணிக்கு ஒரு தரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இரண்டாம் நாள் கித்தேரியம்மாளின் புருஷன் கடப்பாரையோடு வந்தார், அவருக்குப் பின்னால் வடக்கூர் வந்தது. மூன்றாம் நாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், தெக்கூரிலிருந்தும் ஆறேழு பேர் வந்தார்கள். வீடு திரும்பாம எங்களுக்கும் ஏத்தம் வத்தம் கணக்குக் கெட்டுப்போச்சு என்று காரணம் சொன்னார்கள். கடைசித் துண்டு பெயர்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் வேர்வையோடு நின்றார்கள். ஜெசிந்தா அடுப்படியில் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் ஆயிற்று. டம்ளர் சிணுங்கியது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

டிக்கெட் போயிற்று. அதில் தங்கமாரியப்பனே நின்று ஜெயித்தார். கமாண்டர் அவருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார், ஐந்து மைலை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற கூட்டம் குறைந்தாலும் நிற்கவில்லை, பதவியில்லாதவரிடமும் ஜனங்கள் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். லாஞ்சு மறுபடி ஐந்து மைலுக்கு அப்பால் போயிற்று. கித்தேரியம்மாள் மறுபடி மீன் கூடையை இறக்கினாள், முதல் நாள் மட்டும் விலையில் கறாராக இருந்தாள்.

நீர் நிற்கிற நேரத்துக் காபியும் திரும்பி வந்தது. ஏடனில் நின்ற கதை தொடர்ந்தது. இப்போது அவருக்கு அவசரமில்லை, ஒரு துறைமுகத்தையே இரண்டு மூன்று நாள் சொன்னார். ஒன்பது வருஷம் சொன்னார். கடைசியில் கப்பலை உடைக்கக் கொடுத்த விசாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். நங்கூரத்தை லாரியில் ஏற்றியதைச் சொல்லி முடித்து, அவ்வளவுதான், அப்புறம் வீட்டுக்கு வந்துட்டேன் என்றார். அன்றைக்கும் கேட்டார், அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே என்று. அன்றைக்கும் அவள், நான் என்ன, வீட்டுலதான் இருந்தேன் என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை காலை, பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது அப்படியே போய்விட்டார். கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருக்கவில்லை, தளர்ந்து மடியில் கிடந்தது.

பிள்ளைகள் மறுநாள் காலைக்குள் வந்துவிட்டார்கள். சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். அன்று ஏற்றத்துக்கு வடக்கூர் வந்தது, வற்றத்துக்குத் தெக்கூர் வந்தது. இரண்டு கட்சிக் கொடியும் வந்தது, கப்பற்படையிலிருந்து நாலு பேர் தேசியக் கொடியைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். எந்தத் தெரு வழியாகத் தூக்கிப்போவது என்று இரண்டு ஊரும் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்தன. நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. கூடம் தாங்காத கூட்டம், செபமாலை நடந்துகொண்டிருந்தது. சுவரோரமாக ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாற்பது பேர் இருந்தார்கள்.

இரண்டே முக்கால் மணி இருக்கும். டம்ளர்களின் சத்தம் அடங்கியது. தங்கமாரியப்பன், இப்போது எம்.எல்.ஏ., கட்சிக் கரைவேட்டியோடு பெட்டிக்குத் தலைமாட்டில் நின்றிருந்தவர், சன்னல் வழியே கடலைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"நீர் நிக்குது" என்றார் எல்லோரையும் பார்த்து. "வெளிய வாங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வடக்கூர் எழுந்தது, தெக்கூர் எழுந்தது. பங்குச்சாமி கையில் உருண்ட பத்தாவது மணியோடு செபமாலையை நிறுத்தி மடித்துப் பையில் வைத்தார். கப்பற்படைக்காரர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு வெளியே நடந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த மகள் மெர்லினுக்கு மட்டும் புரியவில்லை, அம்மாவை எப்படித் தனியாக விடுவது என்று எழும்பாமல் இருந்தாள். கித்தேரியம்மாள் அவள் கையைப் பிடித்து, வாம்மா, இது அவுக ரெண்டு பேரு நேரம் என்று கூட்டிக்கொண்டு போனாள். போகிறபோது, தான் அடுப்படியில் கலந்து வைத்திருந்த இரண்டு டம்ளர் காபியைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வேலிக்கு வெளியே அத்தனை ஜனமும், இரண்டு ஊரும் கலந்து, வாயைத் திறக்காமல் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றது.

வீடு வாசலைக் கடலுக்கு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

ஜெசிந்தா எழுந்தாள். முதலில் இடது சன்னலுக்குப் போனாள். சிலுவை மூன்றாவது கம்பியில் இருந்தது. வலது சன்னலுக்குப் போனாள். கலங்கரை விளக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு நேர்மேலே இருந்தது. நோட்டை எடுத்து, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தன் உருண்டைக் கையெழுத்தில் நேரம் போட்டு, 'நங்கூரம் நகரவில்லை' என்று எழுதினாள். கீழே தன் பேரைப் போட்டாள்.

அப்புறம் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே" என்றாள். "நீங்க ரயிலேறிக் கொச்சிக்குப் போனீங்களா. நான் ஸ்டேஷன்லேருந்து நடந்தே வந்தேன். வண்டியில ஏறுனா அழுதிருவேன்னு நடந்தே வந்தேன். வர்ற வழியில செருப்பு அறுந்துபோச்சு..."

அந்தச் செருப்பை யார் தைத்துக் கொடுத்தார்கள், அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வைத்தாள், அவருடைய தலையணையை எங்கே எடுத்து வைத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கொச்சியில் மழை பெய்த அன்று இங்கே வெயில் அடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அலமாரியில் டம்ளர் சிணுங்கியது. அவள் போய்க் கதவைத் திறந்து, வெளியே நின்றவர்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

பிள்ளைகள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், சென்னைக்கு வா, மஸ்கட்டுக்கு வா என்று. வருகிறேன் வருகிறேன் என்கிறாள். எபநேசர் கடைக் கரும்பலகையில் இப்போதும் வடக்கு எத்தனை மணி, தெற்கு எத்தனை மணி என்று எழுதிப் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் யாரும் அந்த வீட்டுக்குப் போவதில்லை. ஜெசிந்தா அவருக்கு மூத்தவன் பிறந்த வருஷம் வரைக்கும் சொல்லியிருக்கிறாள். இன்னும் இருபத்துநாலு வருஷம் பாக்கி இருக்கிறது.